பின்சக்கரத்து ஆவி

செத்துப்போனவர்கள் எங்கே போகிறார்கள் என்று மனிதன் காலங்காலமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறான். வீண் வேலை. ஏரிக்கரை முகாமுக்கு ஒரு நடை போய்வந்திருந்தால் விடை கிடைத்திருக்கும். செத்தவர்கள் வேனுக்குள் போகிறார்கள். அதுவும் எல்லா வேனுக்குள்ளும் இல்லை. கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்து, குடும்பத்தோடு தங்கிக்கொண்டே ஊர் சுற்றுவதற்கென்று செய்த வேன் இருக்கிறதே, அதற்குள்தான். மூட்டை ஏற்றுகிற லாரியில் எந்த ஆவியும் இதுவரை ஏறியதாகத் தகவல் இல்லை. ஆவிகளுக்கும் ஒரு வசதி வேண்டாமா?

இந்தப் பேருண்மையை உலகுக்குச் சொன்னவர் செவியார். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது அவருக்கே மறந்துபோயிருக்கும். மலைப்பாதையில் பாதி ஏறியதுமே அவருடைய பலகைகள் ஆரம்பித்துவிடும். ஒரு வளைவில், ‘உங்கள் வண்டி உங்களோடு பேசுகிறதா?’ அடுத்த வளைவில், ‘அலட்சியம் வேண்டாம்.’ அதற்கடுத்த வளைவில் காதுமேல் கைவைத்த அவரது படம், ஆள் உயரத்துக்கு: ‘செவியார் கேட்கிறார்.’

அவர் கேட்டார். ஊர் கொடுத்தது.

விடுமுறை நாட்களில் முகாம் திடலில் கால் வைக்க இடமிருக்காது. வேன்கள் வரிசைகட்டி நிற்கும். மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு ஜனங்கள் தங்கள் முறைக்காக உட்கார்ந்திருப்பார்கள். படித்தவர்கள், அதிகம் படித்தவர்கள், படிப்பு சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லோரும் உண்டு. செவியார் வெள்ளைச் சட்டையில் வருவார். கையில் ஒரு நீளமான பித்தளைக் குழல். அதன் அகன்ற வாயை வேனின் பக்கவாட்டில் ஒட்டவைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். திடல் மூச்சுவிடாது.

“பெண் குரல்,” என்பார். “வயசானவங்க. போகும்போது முட்டி வலி இருந்துதா?”

வயதான எந்தப் பெண்மணிக்கு முட்டி வலி இல்லாமல் இருந்திருக்கிறது? ஆனால் அந்தக் குடும்பம் தேம்பி அழும்.

அடுத்தது பரிகாரம். போனவர் ஒரு பொருள்மேல் பற்று வைத்துவிட்டார், அதை விட்டுப்போக மனமில்லாமல்தான் சத்தம் போடுகிறார், அந்தப் பொருளைச் செவியாரிடம் ஒப்படைத்தால் ஆவி அடங்கும். இதில் ஓர் ஆச்சரியம் பாருங்கள். எந்த ஆவியும் கிழிந்த துண்டின்மேலோ விளிம்பு உடைந்த கோப்பையின்மேலோ பற்று வைப்பதில்லை. புது அடுப்பு, நல்ல பேட்டரி, தொலைநோக்கி, கம்பளி என்று பார்த்துத்தான் வைக்கும். பொருளை ஒப்படைத்ததும் சத்தம் நின்றுவிடும். நிஜமாகவே நிற்கும். அதுதான் செவியாரின் புகழுக்குக் காரணம். ஒப்படைத்த பொருள்கள் மறுநாள் முகாம் கடையில் வாடகைக்கு இருக்கும். ஆவி நீங்கிச் சுத்தமான பொருள் என்பதால் வாடகை சற்று அதிகம்.

சில பிடிவாதக்கார ஆவிகள் மட்டும் வேன் முழுவதன்மேலும் பற்று வைத்துவிடும். அப்படிப்பட்ட வேன்களுக்காக முகாமின் தியானக் கூடத்துக்குப் பின்னால் ‘விடுதலைத் தோட்டம்’ என்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தார். அங்கே போகிற வேன் சில வாரங்களில் காணாமல் போகும். கேட்டால், அதுவும் விடுதலையாகிவிட்டது என்பார்கள். வேறு நிறம் பூசிக்கொண்டு, வேறு எண் பலகையோடு, தூரத்து ஊர் ஒன்றில் விற்பனைக்கு நிற்பதும் ஒருவகை விடுதலைதானே.

இந்த முகாமை நோக்கித்தான் ஒரு கணவனும் மனைவியும் தங்கள் வேனில் வந்துகொண்டிருந்தார்கள்.

மனைவி ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிறவள். ‘நான் டாக்டர் இல்லை’ என்று அவள் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். காது கேட்காமல் வருகிறவர்களிடம் அதை எப்படிப் புரியவைப்பது? காது டாக்டர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். கணவன் பாலம் கட்டும் பொறியாளன். ஒரு தூண் எத்தனை சுமை தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஒரு செங்கல்லைக்கூட வைக்க விடமாட்டான். அவ்வளவு கறாரான மனிதன்.

வேன் அவனுடைய அப்பா செய்தது. வாழ்நாள் முழுக்க ரயில் ஓட்டியவர். தண்டவாளம் போகாத இடங்களுக்குப் போக வேண்டும் என்று, ஓய்வு பெற்றதும் ஒரு பழைய வேனை வாங்கி, ஒவ்வொரு பலகையையும் தானே இழைத்துப் பொருத்தினார். இழுத்தால் கட்டிலாகும் பெஞ்சு, மடித்தால் சுவராகும் மேசை, ஜன்னலுக்கு அளவெடுத்த திரைகள். கடைசித் திரையைத் தைத்து மாட்டிய வாரத்தில் மனிதர் மாரடைப்பில் போய்விட்டார். வேன் ஒரு பயணமும் போகவில்லை. அப்பா போக ஆசைப்பட்ட இடங்களுக்கெல்லாம் அதை ஓட்டிக்கொண்டு போய்வருவது என்று மகன் புறப்பட்டிருந்தான். மாமனார்மேல் அவளுக்கும் பிரியம் உண்டு. லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள்.

மலையடிவாரத்தில் பெட்ரோல் போட நின்றார்கள். ‘காற்று இலவசம்’ என்று ஒரு பலகை. நரைத்த மீசையும் நீலத் தொப்பியுமாக ஒருவர் ஓடிவந்து, கேட்காமலே நாலு சக்கரத்துக்கும் காற்று பார்த்தார். சக்கரத்தின் நடுவில் பளபளவென்று மாட்டியிருக்கும் வட்டத் தகடு உண்டே, வீல் கப், அதையெல்லாம்கூடத் துணியால் துடைத்துவிட்டார். வேலை செய்துகொண்டே பேச்சு. வேன் பழசா இருந்தாலும் உள்வேலை பிரமாதம், யார் செய்தது என்றார். கணவனுக்கு அப்பாவைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் கிடைத்தால் போதும். ரயில், ஓய்வு, திரை, மாரடைப்பு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். தொப்பிக்காரர் உச்சுக்கொட்டிக் கேட்டுக்கொண்டார்.

சத்தம் மலைமேல் ஆரம்பித்தது.

கொண்டை ஊசி வளைவுகளில் வேன் மூச்சுவாங்கி ஊர்ந்து ஏறும்போது, எங்கிருந்தோ டொக், டொக், டொக் என்று தட்டும் ஓசை. நேர்ச்சாலை வந்து வேகம் பிடித்தால் நின்றுவிடும். மறுபடி வளைவு, மறுபடி டொக், டொக். வேகம் குறையக் குறையத் தட்டுகிற இடைவெளி கூடும். வண்டி நிற்கப்போகும்போது, யாரோ யோசித்து யோசித்துத் தட்டுவதுபோல ஒரு டொக், வெகுநேரம் கழித்து இன்னொரு டொக்.

முதலில் கரண்டிகள்மேல் சந்தேகம் விழுந்தது. அவற்றைத் துண்டில் சுருட்டிக் கட்டினார்கள். பிறகு பிளாஸ்க். பிறகு கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காலுறை மாட்டிவிடப்பட்டது. அலமாரிக் கதவு கயிற்றால் கட்டப்பட்டது. காது டாக்டர் பின்னால் போய்க் கட்டிலில் படுத்துக் கேட்டாள், அடுப்படியில் குந்திக் கேட்டாள், தரையில் காதை ஒட்டிக் கேட்டாள். சத்தம் எல்லா இடத்திலிருந்தும் வந்தது, எந்த இடத்திலும் இல்லை. வழியில் ஒரு மெக்கானிக் கொட்டகையில் காட்டினார்கள். அவர் நிறுத்திய வண்டியை உறுமவிட்டு, குனிந்து நிமிர்ந்து, வண்டி நல்லாத்தான் இருக்கு சார் என்று சொல்லிவிட்டார். மெக்கானிக்குக்குத் தெரியவில்லை என்றால் அது இந்த உலகத்துச் சத்தம் இல்லை என்று அர்த்தம் அல்லவா? பொறியாளன் அப்படித்தான் அர்த்தம் பண்ணினான்.

“அப்பா மேசையில மோதிரத்தால தட்டுவார்ல, யாராவது பேச லேட் பண்ணா? அதே மாதிரி இல்ல?” என்றான்.

உள்ளதைச் சொன்னால், அவளுக்கும் ஒரு கணம் உடம்பு சிலிர்த்தது. அதே மாதிரிதான் இருந்தது.

அடுத்த வளைவில் முதல் பலகை நின்றிருந்தது.

திடலில் அவர்களுக்குக் கிடைத்த இடத்துக்கு எதிரே ஒரு சின்ன வேன். அதில் தனியாக வந்திருந்த அம்மாள் நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். அகன்ற தோள், உரத்த குரல். இறந்துபோன அக்காவின் சாய்வு நாற்காலியை முந்தின நாள்தான் செவியாரிடம் ஒப்படைத்திருந்தார். அன்றோடு தன் வண்டிச் சத்தம் நின்றுவிட்டது என்று பக்தியோடு சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் அவர் பார்வை முகாம் கடை வாசலுக்குப் போயிற்று. அங்கே அந்த நாற்காலியில் வாடகைக்கு எடுத்த யாரோ கால்நீட்டிப் படுத்திருந்தார்கள்.

மாலையில் செவியார் குழலோடு வந்தார். வேனின் பக்கவாட்டில் ஒட்டவைத்தார். கண்களை மூடினார்.

“இரும்புப் பாதையில வாழ்ந்தவர்,” என்றார் மெதுவாக. “இதயம் திடீர்னு நின்னுபோச்சு. ஒரு துணி... கையால தைச்ச துணி. அதைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறார்.”

கணவன் திரையைப் பிடித்துக்கொண்டு அழுதான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அப்படி அழுது அவள் பார்த்ததில்லை. சுற்றி நின்றவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

செவியார் குழலை இறக்கினார். எல்லாவற்றையும் அவரே பார்த்துப் பார்த்துச் செய்ததால் பற்று ஒரு பொருளில் இல்லை, முழு வண்டியிலும் பரவிவிட்டது என்றார். விடுதலைத் தோட்டத்தில் விட்டால்தான் அந்த ஜீவன் நிம்மதியாகப் போகும். நாளைக் காலையில் செய்துவிடலாம். அதுவரை வண்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் கோபம் வரும்.

அப்போதுதான் காது டாக்டர், செவியாருக்குப் பின்னால் கைகட்டி நின்ற ஆளைக் கவனித்தாள். நீலத் தொப்பி இல்லை. மீசை அதே மீசை. யார் அவர் என்று நீச்சல்காரம்மாவிடம் கேட்டாள்.

“அவரா? ஐயாவோட மச்சான். ரொம்பத் தங்கமான மனுஷன். கீழ பெட்ரோல் பங்க்ல இலவசமா காத்தடிச்சு சேவை பண்றார்.”

இரும்புப் பாதை எந்த வழியாக மலையேறி வந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கணவனைத் தனியே அழைத்து, பங்க்கில் அந்த ஆளிடம் என்னென்ன சொன்னான் என்பதை நினைவுபடுத்தினாள். அவன் காதில் ஏறவில்லை. பேசினதைத் தெரிந்துகொள்ளலாம், சத்தத்தை யார் பேசிவைக்க முடியும் என்று கேட்டான். அப்பாவை உள்ளே அடைத்துவைத்துக்கொண்டு தான் எப்படி உல்லாசமாக ஊர் சுற்றுவது என்றான். கடைசியில், “உனக்கு எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். எங்கப்பா விஷயத்துல மட்டும் சும்மா இரேன்” என்றான்.

அவள் சும்மா இருந்தாள். வாய்தான் சும்மா இருந்தது.

அவள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. காதில் கருவியை மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்துங்கள் என்பாள். இடையில் ஒலியை முழுக்க நிறுத்திவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். சிலர் அப்போதும் அழுத்துவார்கள். அவர்களிடம், உங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். சொல்லக் கூடாது. அழுத்த விட வேண்டும்.

ஆனால் ஒலியை நிறுத்துவதற்கு முதலில் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. வண்டி நகரும்போதுதான் சத்தம். நகர்த்தக் கூடாது என்பதுதான் உத்தரவு. கேட்பதற்கென்றே பிறந்த மனிதர், சத்தம் வரும் நேரம் பார்த்துக் கேட்க வேண்டாம் என்கிறாரே. அவளுக்கு அங்கேதான் உறைத்தது.

கணவன் கூடத்தில் நடந்த மௌன வகுப்புக்குப் போயிருந்தான். செவியார், மச்சான், பக்தர்கள் எல்லோரும் அங்கேதான். காது டாக்டர் நீச்சல்காரம்மாவிடம் போய், இந்த வேனைக் கொஞ்சம் ஊர்ந்து போகிற வேகத்தில் ஓட்ட முடியுமா என்று கேட்டாள். அந்த அம்மாள் பயந்தார். நகர்த்தினால் கோபம் வருமாமே என்றார்.

“எங்க மாமனாருக்கு வண்டி ஓடினா கோபமே வராதும்மா. நின்னாத்தான் வரும்.”

அம்மாள் இன்னொரு தடவை கடை வாசலில் கிடந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டார்.

வேன் ஊர்ந்தது. காது டாக்டர் பக்கத்திலேயே நடந்தாள். உள்ளே படுத்தும் குந்தியும் தேடிய சத்தம், வெளியே வந்து நடந்ததும் தானே வந்து அகப்பட்டது. முன்சக்கரம் பேசவில்லை. இடது பின்சக்கரத்தின் அருகே குனிந்தபோது டொக் என்றது, சக்கரம் ஒரு சுற்று சுற்றி வந்ததும் மறுபடி டொக். நிறுத்தச் சொல்லி, வீல் கப்பின் விளிம்பில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினாள். தகடு கழன்றது. உள்ளிருந்து ஒரு பெரிய இரும்பு நட்டு உருண்டு வந்து புல்லில் விழுந்தது.

அவ்வளவுதான் மாமனார்.

வண்டி வேகமாக ஓடினால் சுழற்சியில் நட்டு தகட்டின் ஓரத்தோடு ஒட்டிக்கொள்ளும், சத்தம் இல்லை. வேகம் குறைந்தால் மேலே போய்ப் பிடியிழந்து கீழே விழும், டொக். நிறுத்திவைத்து ஆராய்கிற மெக்கானிக்கிடம் எப்படிப் பேசும்? நீச்சல்காரம்மா தன் வேனுக்குப் போய் இடது பின்சக்கரத்தைப் பார்த்தார். உள்ளே நட்டு இல்லை. அக்கா நாற்காலி போன அன்றே அதை எடுத்திருப்பார்கள். ஆனால் தகட்டின் விளிம்பில் நெம்பிய கீறல் புதிதாக மின்னியது.

“அக்கா கடைசி மாசமெல்லாம் அதுலதான் சாஞ்சிருப்பா,” என்றார். உரத்த குரல்காரர் அப்போதுதான் முதல் முறையாக மெதுவாகப் பேசினார்.

நட்டைக் கணவனிடம் காட்டலாமா? அவன் செவியாரிடம் ஓடுவான். ஆவி இரும்பு வழியாகத் தட்டியது என்று அவர் சொல்வார். இவனும் தலையாட்டுவான். ஆகவே அவள் வேனைப் பழைய இடத்திலேயே நிறுத்தச் செய்து, நட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் பின்பக்கம் நடந்தாள். அங்கே செவியாரின் கறுப்பு ஜீப் பளபளவென்று நின்றிருந்தது. நீச்சல்காரம்மா காவலுக்கு நின்றுகொண்டார். ஜீப்பின் இடது பின்சக்கரத் தகடு நல்ல தகடு. சுலபமாகத் திறந்தது, சுலபமாக மூடியது.

மறுநாள் காலையில் திடல் முழுக்க ஜனம். ஒரு வேன் விடுதலையாவது தினமும் காணக் கிடைக்கிற காட்சியா? கணவன் முகம் கழுவி, சட்டை மாற்றி, வெளுத்துப்போய் நின்றிருந்தான். அப்பா இழைத்த மேசையை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு இறங்கியிருந்தான்.

செவியார் குழலை வைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டார்.

“இன்னைக்கு ரொம்ப அவசரமாத் தட்டறார். போகணும், போகணும்ங்கறார்.”

காது டாக்டர் மிகுந்த பணிவோடு கேட்டாள். “ஐயா, தட்டற சத்தம் உங்களுக்குத் தெளிவாக் கேக்குதுங்களா?”

“என் காது பொய் சொல்லாதும்மா.”

ஒலியே இல்லை. பொத்தானை அழுத்திவிட்டார். மூடிய வண்டி, நட்டில்லாத சக்கரம், உள்ளே பூச்சி பறக்கிற சத்தம்கூடக் கிடையாது. அதில் அவசரமாகத் தட்டுகிறாராம்.

அவள் இன்னொரு விண்ணப்பம் வைத்தாள். தோட்டம் வரை வேனைத் தன் கணவனே ஓட்டிவரட்டும், அப்பாவின் சத்தத்தைக் கடைசியாக ஒரு முறை அவர் கேட்டுக்கொள்ளட்டும். பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். மறுத்தால் நன்றாக இருக்காது. செவியார் பெருந்தன்மையோடு கையசைத்தார்.

ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் ஜீப், மச்சான் ஓட்ட, செவியார் எழுந்து நின்றபடி. இரு பக்கமும் ஜனம் என்பதால் நடை வேகம். பின்னால் வேன். கணவன் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினான். பக்கத்தில் மனைவி.

வேன் ஒரு சத்தமும் போடவில்லை. வெண்ணெயில் போவதுபோலப் போயிற்று.

முன்னால் ஜீப், டொக் என்றது.

யாரும் முதலில் நம்பவில்லை. மறுபடி டொக். சக்கரம் சுற்றச் சுற்ற டொக், டொக். அந்தப் பளபளப்பான ஜீப்புக்குள்ளிருந்து யாரோ பொறுமையாகத் தட்டிக்கொண்டே வந்தார்கள். கூட்டத்தின் முணுமுணுப்பு அடங்கி, தட்டும் ஓசை மட்டும் கேட்டது. “ஐயா வண்டியிலயும் யாரோ இருக்காங்க,” என்றார் ஒருவர், பரவசத்தோடு.

ஜீப் நின்றது. மச்சானின் கழுத்து வேர்த்துவிட்டது. ஆனால் செவியார் சாமானியர் இல்லை. ஒரு கணம்தான் தடுமாறினார்.

“பாத்தீங்களா,” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “பெரியவர் தன் வண்டியை விட்டு என் வண்டிக்கு வந்துட்டார். என்மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.”

கூட்டம் புல்லரித்தது. காது டாக்டர் வேனிலிருந்து இறங்கி வந்தாள்.

“ரொம்ப சந்தோஷம் ஐயா. அப்ப எங்க வேன்ல இப்ப மாமா இல்லை. வேனை ஒப்படைக்க வேண்டியதில்லை. இல்லீங்களா?”

செவியார் கொஞ்சம் யோசித்து, வேண்டியதில்லை என்றார்.

“மாமாவோட பற்று இப்ப இந்த ஜீப்மேல. பற்று வெச்ச வண்டியை அதோட சொந்தக்காரர் விட்டுடணும்னு நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க. சாவியைத் தோட்டத்துல வெச்சுட்டு நடந்து வந்துருங்க ஐயா.”

சிரிக்கிறவர் யாரும் இல்லை. பக்தர்கள்தான் அதிகம் தலையாட்டினார்கள். முறை என்றால் எல்லோருக்கும் முறைதானே. போன மாதம் தன் வேனை விட்டுவிட்டு பஸ்ஸில் ஊருக்குப் போய், திரும்பவும் தரிசனத்துக்கு வந்திருந்த ஒருவர், “குடுத்துருங்க ஐயா, மனசு லேசாயிடும்” என்று அனுபவத்தோடு சொன்னார். இன்னொருவர் ஜீப்பின் கதவையே பவ்யமாகத் திறந்து பிடித்தார்.

புது ஜீப். செவியாரின் முகம் மாறிவிட்டது. ஆவிமேல் இல்லாத பற்று அவருக்கு ஜீப்மேல் இருந்தது.

“இது... இது ஆவி இல்லை,” என்றார். “ஏதோ வண்டிக் கோளாறு. மச்சான், பாருங்க.”

மச்சான் குதித்து இறங்கினார். பானெட்டைத் திறக்கவில்லை. அடியில் குனிந்து பார்க்கவில்லை. முன்சக்கரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக இடது பின்சக்கரத்துக்குப் போனார், சட்டைப்பையிலிருந்து ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவரை எடுத்தார், பழகிய கையால் ஒரே நெம்பு. தகடு கழன்றது. நட்டு உருண்டு வந்து ஜனங்களின் காலடியில் நின்றது.

காது டாக்டர் அதைக் குனிந்து எடுத்தாள்.

“எங்க வண்டி எல்லாம் தட்டினப்ப ஐயா குழலோட வந்தார். உங்க வண்டி தட்டினதும் நீங்க மட்டும் ஏன் ஸ்க்ரூடிரைவரோட வந்தீங்க?”

மச்சான் ஸ்க்ரூடிரைவரை அவசரமாகச் சட்டைப்பைக்குள் திணித்தார். செவியார் எதையும் கேட்காதவர்போல நின்றார்.

பிறகு அவள் நடந்ததைச் சொன்னாள்: நட்டு நேற்று எங்கே இருந்தது, யார் எடுத்து எங்கே போட்டது, இன்று காலை செவியார் எந்தச் சத்தத்தை அவசரமாகக் கேட்டார் என்பதையெல்லாம். நீச்சல்காரம்மா உரத்த குரலில் சாட்சி சொன்னார். கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் வண்டிகளுக்குப் போய் இடது பின்சக்கரத்தின் முன்னால் குந்தினார்கள். நேற்றுவரை கண்ணை மூடிக் கேட்டவர்கள் இன்று கண்ணைத் திறந்து பார்த்தார்கள். சிலருடைய சக்கரத்திலிருந்து உறவினர்கள் உருண்டு வந்தார்கள். சிலருடைய சக்கரத்தில் வெறும் கீறல். எல்லோருமாகக் கடையை நோக்கி நடந்தபோது, செவியார் குழலை ஜீப்பிலேயே விட்டுவிட்டு முகாம் அலுவலகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியிலிருந்து நிறையப் பேர் தட்டினார்கள். அந்தத் தட்டல் மட்டும் அவருக்குக் கேட்கவில்லை. போலீஸ் வந்து தட்டியபோதுதான் கேட்டது.

நீச்சல்காரம்மா கடை வாசலுக்குப் போய், நாற்காலியில் சாய்ந்திருந்தவரை எழுப்பி, அதை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். எழுந்தவர் வாடகை ரசீதைக் காட்டினார். அதைச் செவியாரிடம் காட்டச் சொல்லிவிட்டார் அம்மாள்.

கணவன் வேனின் படியில் உட்கார்ந்திருந்தான். காது டாக்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் நட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். இதை எப்போது கண்டுபிடித்தாள் என்று கேட்டான். நேற்று மாலை என்றாள்.

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?”

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத மனிதன். இல்லை என்று தலையசைத்தான்.

“நட்டுனு எனக்கும் எங்கயோ தோணிச்சுன்னு நினைக்கிறேன்,” என்றான். “அப்பாவா இருந்தா நல்லா இருக்கும்னு இருந்துச்சு. அதனால பாக்கல.”

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா தட்டினால் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் உப்பை நகர்த்து என்பார், வண்டியில் உட்கார்ந்தால் கிளப்பு என்பார் என்று அவன் சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். கிளப்பினான். வேன் சத்தமில்லாமல் இறங்கியது. வழியெல்லாம் அவன் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். அவரைப் பற்றி அவ்வளவு பேச்சு அந்த வேனுக்குள் அதுவரை நடந்ததில்லை.

இத்தோடு கதை முடிந்தால் நமக்கெல்லாம் நிம்மதி. ஆனால் அன்று மத்தியானமே திடலில் ஒரு கட்சி கிளம்பிவிட்டது. நட்டைப் போட்டது மச்சான்தான், ஆனால் அவரைப் போடத் தூண்டியது ஆவிதானே என்றது அந்தக் கட்சி. போன மாதம் வேனை விட்டுவிட்டு பஸ்ஸில் போனவர்தான் அதற்குத் தலைவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஏமாந்தேன் என்று ஒப்புக்கொண்டால் அவருக்கு வேனும் போய் மானமும் போகும். இப்போது அடுத்த மலையில் ஒருவர் வந்திருக்கிறாராம். அவர் காதால் கேட்பதில்லை, வண்டியை மூக்கால் முகர்ந்தே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறாராம். அங்கேயும் வரிசை நிற்கிறதாம்.

போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். புறப்படுமுன் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். அப்படியே இரண்டு காதுக்கும் நடுவே ஒரு சாமான் வைத்துக் கொடுத்திருக்கிறதே, அது வேலை செய்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அதை ஒப்படைக்கச் சொல்லி இதுவரை எந்தச் சாமியாரும் கேட்டதில்லை. வருகிறவர்கள் ஏற்கெனவே வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.